பண்பாடு எத்தனை புள்ளி?



2025 பெப்ரவரியில் 'சிவிலைசேஷன்' கேமின் ஏழாம் பதிப்பு வந்தது. "சோழர் வந்திட்டினம்!" எண்டு ஸ்கிரீன்ஷொட் மேல ஸ்கிரீன்ஷொட்டாகப் பறந்தது. கலம் என்ற பேரில் கப்பல், உலக அதிசயங்களுக்குள் தஞ்சைப் பெரிய கோயில். அதுக்கு மூன்று வருசம் முதல், 2022 ஏப்ரலில், 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' திராவிடர்களை ஒரு தரப்பாகச் சேர்த்து, இராஜேந்திர சோழனுக்குத் தனிப் படையெடுப்புக் கதையும் கொடுத்தது. அந்தச் சந்தோசத்தை நக்கலடிக்க இதை எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் "ஸ்ரீலங்கா எண்டா இந்தியாவுக்குள்ளயா?" என்று கேட்கப்பட்டு வளர்ந்த தலைமுறைக்கு, திரையில் ஒரு வீரன் தமிழில் பதில் சொல்வது சின்ன விசயம் இல்லை.

ஆனால் நாங்கள் பார்த்தது படத்தை மட்டும்தான். படத்துக்கு அடியில் ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கில் 'பண்பாடு' என்ன வேலை செய்கிறது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். வியூக விளையாட்டுகளில் பண்பாடு பெரும்பாலும் நிலம் பிடிக்கிற கருவியாக இருக்கும், இல்லாவிட்டால் ஆட்களைத் தரம் பிரிக்கிற அளவுகோலாக இருக்கும். இரண்டு விதியும் எங்களுக்குப் பழக்கமானவை. ஒன்றை இலங்கை அரசு எங்கட ஊரில் விளையாடிக்கொண்டிருக்கிறது. மற்றதை ஜேர்மன் அரசு எங்களோடு விளையாடுகிறது.

எல்லையைத் தள்ளுகிற கட்டடம்

1991இல் வந்த முதல் 'சிவிலைசேஷனில்' பண்பாடு என்ற கணக்கே கிடையாது. 2001இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது நுழைந்தது. விதி எளிது. கோயில், நூலகம் என்று கட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை பண்பாட்டுப் புள்ளி. புள்ளி சேரச் சேர உங்கள் நகரத்தின் எல்லை விரியும். பக்கத்து நாட்டு நகரம் ஒன்று, உங்கள் பண்பாட்டின் அழுத்தம் தாங்காமல், ஒருநாள் தானாகவே உங்கள் பக்கம் வந்துவிடும். 2016இல் வந்த ஆறாம் பதிப்பில் 'பண்பாட்டுக் குண்டு' என்றே ஒரு விதி இருக்கிறது. சில தரப்புகள் குறிப்பிட்ட கட்டடத்தைக் கட்டினால் சுற்றியிருக்கிற கட்டங்கள் அவர்களுடையதாகிவிடும். அடுத்தவனுடைய கட்டமாக இருந்தாலும்தான்.

விளையாடுகிற ஆட்கள் இதை அமைதி வழி என்று நினைப்பார்கள். சண்டை பிடிக்காதவர்கள் பண்பாட்டு வெற்றிக்குப் போவார்கள், ஒரு குண்டும் சுடாமல் வெல்லலாம் என்று.

இப்ப முல்லைத்தீவுக்கு வாங்கோ.

2020 ஜூனில் கோட்டாபய ராஜபக்ச, கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் இடங்களைப் 'பாதுகாக்க' ஒரு ஜனாதிபதி செயலணியை அமைத்தார். தலைவர் பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன. பழைய செங்கல்லைப் பார்க்கப் பாதுகாப்புச் செயலாளர் எதற்கு என்று கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும். வடக்கில், ஆதி ஐயனாரைச் சனம் கும்பிட்டு வந்த குருந்தூர்மலையில், 2021 ஜனவரியில் ஓர் இராஜாங்க அமைச்சர் படையினர் சூழ வந்து அகழ்வைத் தொடக்கி வைத்தார். பிறகு அங்கே விகாரை எழுந்தது. நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் வேலை நடந்தது. அந்த வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா, 2023 செப்டெம்பரில், உயிருக்கு அச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவியையும் நாட்டையும் விட்டுப் போனார். யாழ்ப்பாணத்தில் தையிட்டியில், இராணுவம் பிடித்து வைத்திருந்த தனியார் காணியில் இன்னொரு விகாரை. காணிக்காரர் வாசலில் நின்று போராட வேண்டியிருக்கிறது.

ஒரு கட்டடம் வருகிறது, சுற்றியிருக்கிற கட்டங்கள் நிறம் மாறுகின்றன, எல்லை நகர்கிறது. விளையாட்டில் வருகிற அதே வரிசை. ஒரேயொரு வித்தியாசம்: விளையாட்டு படையையும் பண்பாட்டையும் இரண்டு வேறு பொத்தான்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. முல்லைத்தீவில் அது ஒரே பொத்தான். விகாரைக்குப் பின்னால் இராணுவ முகாம் நிற்பதால்தான் அந்தக் கட்டடம் எல்லையைத் தள்ளுகிறது. இதை மறைத்துவிட்டுப் 'பண்பாட்டு அழுத்தம்' என்று பேர் வைத்தால், நிலப்பறிப்பு ஏதோ வெயில் மழை மாதிரி இயற்கையாக நடப்பதாகத் தெரியும்.

ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம்

இந்த விளையாட்டுகளின் வரைபடத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு சொந்தக்காரன், ஒரு நிறம். இதை நாங்களும் எங்களை அறியாமல் ஏற்றுக்கொண்டுவிட்டோமோ என்பதுதான் என் பயம்.

இராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுந்தது, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் கொடுக்கப்பட்டது. லைடன் செப்பேடு என்று பேர்பெற்ற ஆவணத்தில் இது இருக்கிறது. தமிழ்ப் பௌத்தம் என்று ஒன்று இருந்தது. மணிமேகலை அதன் காப்பியம். அப்படியென்றால், மண்ணுக்குள் பௌத்த இடிபாடு கிடைத்தால் அந்த மண் சிங்களவருடையது என்கிற வாதம் வரலாறே இல்லை, வெறும் கட்ட விதி. அதுக்கு எதிராக "இல்லை, இது எப்பவும் சைவ மண்தான்" எண்டு நாங்கள் கத்தினால், நாங்களும் அதே விதிக்குள்தான் நிற்கிறோம். வேற நிறப் பென்சில், அவ்வளவுதான்.

ஸ்டொக்ஹோமில் இருக்கிற பரடொக்ஸ் நிறுவனத்தின் 'யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4' இந்த விதியை அதன் கடைசி வரைக்கும் கொண்டுபோகிறது. அதில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு பண்பாடு. அது உங்கள் அரசு 'ஏற்றுக்கொண்ட' பண்பாடாக இல்லாவிட்டால் வரி குறையும், படைக்கு ஆள் குறையும், கிளர்ச்சி கூடும். அதுக்குத் தீர்வாக ஒரு பொத்தான் இருக்கிறது: பண்பாட்டை மாற்று. இராஜதந்திரப் புள்ளியைக் கட்டி, சில வருசம் காத்திருந்தால், மாகாணம் உங்கள் பண்பாடாகிவிடும். அந்த வருசங்களில் அங்கிருந்த சனத்துக்கு என்ன நடந்தது? செத்தார்களா, ஓடினார்களா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு மொழி திணிக்கப்பட்டதா? திரை ஒன்றும் சொல்லாது. ஒரு பட்டை நிரம்பும். பிறகு வேற பேர் வரும்.

எங்களுக்கு அந்தப் பட்டை நிரம்பிய விதம் தெரியும். 1956இல் தனிச் சிங்களச் சட்டம். அரச குடியேற்றத் திட்டங்கள். 1981இல் யாழ் நூலகத்தின் 97,000 நூல்கள். மணலாறு வெலி ஓயாவானது. இவ்வளவும் சேர்ந்துதான் அந்த ஒரு சொடுக்கு.

1990 ஒக்டோபரையும் இங்கே வைக்க வேண்டும். வடக்கில் வாழ்ந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் கூண்டோடு வெளியேற்றினார்கள். தமிழ் பேசுகிற சனம், தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த சனம். அதுவும் ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம் என்ற விதியில் நடந்ததுதான். அந்த விதியை எதிரி விளையாடும்போது மட்டும் அநியாயம் என்று சொல்கிற ஒரு இடதுசாரி அரசியலை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

ஆறு புள்ளி இருந்தா உள்ள வரலாம்

இனி நாங்கள் இருக்கிற நாடு. பரடொக்ஸின் 'விக்டோரியா 3' 2022இல் வந்தது. 1836 முதல் 1936 வரைக்குமான ஒரு நாட்டை நீங்கள் நடத்துவீர்கள். குடியுரிமைக்கென்று சட்டப் படிகள் இருக்கின்றன: இன அரசு, தேசிய மேலாதிக்கம், இனப் பிரிவினை, பண்பாட்டு விலக்கல், பல்பண்பாடு. எந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறதோ அதன்படி சில மக்கள் ஒதுக்கப்படுவார்கள். அவர்களுக்குக் கூலி குறைவு, வாக்கு இல்லை. ஒரு விதத்தில் இது நேர்மையான விளையாட்டு. ஒதுக்குவது யாருடைய மனக்கோளாறும் இல்லை, சட்டமும் கூலியும் சேர்ந்த ஏற்பாடு என்று அது காட்டுகிறது. பல பாடப் புத்தகங்கள் சொல்லாத விசயம்.

ஆனால் விளையாடுகிற ஆள் பல்பண்பாட்டுச் சட்டத்தை ஏன் கொண்டுவருகிறார்? பெரும்பாலும், தொழிற்சாலைக்கு ஆள் பத்தாமல் போவதால். சட்டத்தை மாற்றினால் குடிபெயர்ந்து ஆட்கள் வருவார்கள், பொருளாதாரம் ஏறும். சமத்துவம் அங்கே ஒரு வளர்ச்சி உத்தி.

இதை எங்கே கேட்டிருக்கிறோம்? "ஜேர்மனிக்குத் திறமையான தொழிலாளர் தேவை" என்று ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கிறோமே, அதுதான். 2024 ஜூன் 1இல் 'ஷான்சன்கார்ட்டே' வந்தது. இது உவமை இல்லை, நேரடியான புள்ளி விளையாட்டு. அடிப்படைத் தகுதி இருக்கிற ஆளுக்கு உள்ளே வந்து வேலை தேட 6 புள்ளி வேண்டும். வயது 35க்கு மேல் போகாவிட்டால் 2 புள்ளி, 40க்குள் என்றால் 1. டொச் பி2 தெரிந்தால் 3, பி1 என்றால் 2. முந்தி ஜேர்மனியில் சட்டப்படி தங்கியிருந்தால் 1. குடியுரிமைத் தேர்வில் 33 கேள்வி, 17 சரியாக இருந்தால் பாஸ். 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத்தில் காத்திருக்கும் காலம் 8 வருசத்திலிருந்து 5 ஆனது, இரட்டைக் குடியுரிமை வந்தது. 'சிறப்பான ஒருங்கிணைவுச் சாதனை' காட்டினால் 3 வருசமே போதும் என்றும் இருந்தது. கேமில் 'அச்சீவ்மென்ட்' திறப்பது மாதிரி! 2025இல் அந்த 3 வருச வழியை மூடிவிட்டார்கள். விளையாட்டு நடத்துகிறவன் நடுவில் விதியை மாற்றலாம். விளையாடுகிற நாங்கள் மாற்ற முடியாது.

இந்தப் புள்ளிக் கணக்கின் மேல் மூடியிருக்கிற துணிக்குப் பேர்தான் 'லைட்குல்ட்டூர்', முன்னிலைப் பண்பாடு. 2000இல் பிரீட்ரிஷ் மெர்ஸ் அந்தச் சொல்லைத் தூக்கி அரசியலுக்குள் போட்டார். 2024 மேயில் சிடியு தன் அடிப்படைத் திட்டத்தில் அதை எழுதி வைத்தது. 2025 மே முதல் மெர்ஸ்தான் சான்சலர். எங்கட அம்மா அப்பா பலர் 1983க்குப் பிறகு வந்து 'டுல்டுங்' தாளோடு வருசக்கணக்கில் இருந்தவர்கள். அந்தச் சொல்லின் நேர்ப் பொருள் சகித்துக்கொள்ளுதல். அப்போது அவர்கள் எத்தனை பாத்திரம் கழுவினார்கள், எத்தனை இரவு வேலை செய்தார்கள் என்பதற்குப் பண்பாட்டுப் புள்ளி கிடையாது. இன்று ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேர் ஓடும்போது பத்திரிகை அழகாகப் படம் போடுகிறது. தேருக்குப் புள்ளி உண்டு. தேர் இழுக்கிறவரின் வதிவிட உரிமை வேறு கணக்கு.

கவனியுங்கோ, இந்தக் கணக்கை நாங்களும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். அரங்கேற்றம் செய்த பிள்ளைக்கு இத்தனை, ழகரம் சரியாக வந்தால் இத்தனை, டொச் கலந்து கதைத்தால் கழித்தல். யார் 'முழுத் தமிழர்' என்று நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் போடுகிற புள்ளியும், அலுவலகத்தில் 'ஒருங்கிணைந்தவரா' என்று போடுகிற புள்ளியும் ஒரே அச்சில் வார்த்தவை.

சோழரின் 'தனிச் சிறப்பு'

திரும்பச் சோழருக்கு வருவோம். ஏழாம் 'சிவிலைசேஷனில்' சோழருக்கு மட்டுமே உரிய கட்டடங்களாக அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் வருகின்றன. இரண்டும் உண்மையில் வணிகக் குழுக்களின் பேர்கள். இதில் அஞ்சுவண்ணம் யார்? மேற்காசியாவிலிருந்து கடல் வழியாக வந்த யூத, கிறித்தவ, முஸ்லிம் வணிகரின் குழு. கொல்லத்தில் 849ஆம் ஆண்டு எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் இந்த இரண்டு பேரும் வருகின்றன. சாட்சிக் கையெழுத்துகள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் இருக்கின்றன. அதாவது, சோழரின் 'தனிச் சிறப்பு' என்று விளையாட்டு பூட்டி வைத்திருப்பது, அகதியும் வியாபாரியுமாக வேறு கரைகளிலிருந்து வந்த ஆட்களின் சங்கத்தை! ஒரு புலம்பெயர் சமூகத்துக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தக் கட்டடத்தைச் சொடுக்கினால் அது சோழரின் சொத்து, வேறு யாருக்கும் கிடையாது.

பெரிய கோயிலும் அப்படித்தான். திரையில் அது ஒரு போனஸ். உண்மையான கோயிலின் சுவரில் இராஜராஜனின் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலுக்கு வருவாய் கொடுக்கிற ஊர்களில் எந்த நிலத்துக்கு இறை இல்லை என்று அவை பட்டியல் போடுகின்றன. அந்தப் பட்டியலில் பறைச்சேரி இருக்கிறது. தீண்டாச்சேரி இருக்கிறது. ஆயிரம் வருசத்துக்கு முதலே, எங்கட மொழியில், எங்கட பெருமையின் சுவரில். அந்தச் சேரியில் இருந்தவர்களின் உழைப்பு இல்லாமல் அந்த நெல்லும் இல்லை, அந்தக் கோபுரமும் இல்லை. சாதியைக் கழித்துவிட்டு வருகிற பண்பாட்டுப் புள்ளியைக் கொண்டாடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாதி ஒழிப்பு வாசிப்பு வட்டம் நடத்த முடியாது.

இன்னொன்று: மௌரியர், சோழர், மொகலாயர் என்று மூன்று காலத்துக்கும் இந்தியாவுக்கு ஒரே கோடு போட்டிருக்கிறார்கள். சோழர் அதில் நடுவில் ஒரு படி. டெல்லிக்கு மிகவும் வசதியான கோடு.

நாங்கள் கைதட்டினோம். எல்லாரும் அப்படிச் செய்யவில்லை. ஐந்தாம் 'சிவிலைசேஷனில்' புவெப்லோ மக்களின் தலைவர் போப்பேயைச் சேர்க்க நிறுவனம் விரும்பியது. அந்த மக்களின் ஆளுநர் பேரவை சம்மதிக்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. 2018 ஜனவரியில் ஆறாம் பதிப்பு கிரீ மக்களின் தலைவர் பவுண்ட்மேக்கரை அறிவித்தபோது, பவுண்ட்மேக்கர் கிரீ சமூகத்தின் மில்டன் டூட்டூசிஸ் பகிரங்கமாக எதிர்த்தார். யாரும் தங்களைக் கேட்கவில்லை என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமாக, பிறர் நிலத்தைப் பிடிப்பதுதான் எல்லா மக்களின் ஆசையும் என்று இந்த விளையாட்டு சொல்கிறது, எங்கள் மக்களின் விழுமியம் அது இல்லை என்றார். படம் அழகாக இருந்தது. அவர் கணக்கைப் பார்த்தார்.

"அது கேம்தானே?"

இந்தக் கேள்வி வரும், வரட்டும். எந்த விளையாட்டும் உலகத்தைச் சுருக்கித்தான் ஆகவேண்டும், உண்மை. ஒரு நாட்டின் நூறு வருசத்தை ஒரு சனிக்கிழமைக்குள் அடைக்க எதையாவது விடத்தான் வேண்டும். ஆனால் எதை விடுகிறார்கள் என்பதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. மைன்ஸ் நகரத்தில் உருவாகி 2019இல் வந்த 'அன்னோ 1800' பீர், சொசேஜ், சவர்க்காரம் என்று ஒவ்வொரு உற்பத்திச் சங்கிலியையும் நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கிறது. 'புதிய உலகத்திலிருந்து' பஞ்சும் கரும்பும் கோப்பியும் வருகின்றன. அடிமைத்தனம் மட்டும் அந்த 19ஆம் நூற்றாண்டில் இல்லை. கணினிக்குக் கணக்கு கூடிப்போய்விட்டது என்றா விட்டார்கள்?

ஜேர்மனியில் கேம் பற்றிய விவாதம் நெடுங்காலம் சின்னங்களைப் பற்றியே நடந்தது. சுவஸ்திகா வரலாமா, வரக்கூடாதா. 2017இல் வந்த 'வூல்ஃபென்ஸ்டைன் 2' ஜேர்மன் பதிப்பில் ஹிட்லருக்கு மீசையையே எடுத்துவிட்டார்கள். 2018 ஓகஸ்ட்டில் வயது மதிப்பீட்டு அமைப்பான யுஎஸ்கே நடைமுறையை மாற்றியது. இப்போது ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது. நல்லது. ஆனால் மீசையைப் பார்க்கிற கண் விதியைப் பார்ப்பதில்லை. ஆட்களை அகற்றினால் மாகாணம் இலாபம் தரும் என்று சொல்லிக்கொடுக்கிற கணக்குக்கு எந்தச் சட்டத்திலும் வயது வரம்பு இல்லை.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குச் சாட்சி இங்கேயே இருக்கிறது. பேர்லினின் பெயின்ட்பக்கெட் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட 'த்ரூ த டார்க்கெஸ்ட் ஒஃப் டைம்ஸ்' ஒரு வியூக விளையாட்டு. 1933 முதல் பேர்லினில் ஒரு சிறிய எதிர்ப்புக் குழுவை நடத்துவீர்கள். துண்டுப் பிரசுரம், காசு சேர்த்தல், ஆட்களை ஒளித்தல். குழுவுக்குள் கம்யூனிஸ்டும் கத்தோலிக்கரும் சமூக ஜனநாயகவாதியும் சண்டை பிடிப்பார்கள். நாசி ஆட்சியை உங்களால் வீழ்த்த முடியாது. பிடிபடாமல், மனம் உடையாமல், ஒருத்தரையொருத்தர் விட்டுக்கொடுக்காமல் அடுத்த கிழமைக்குப் போவதுதான் விளையாட்டு. கூட்டம் நடத்திப் பார்த்த எவருக்கும் அந்தச் சண்டைகள் புதிதாக இருக்காது.

வியூகம் இல்லாவிட்டாலும் 'வெண்பா'வையும் சொல்ல வேண்டும். 2023இல் ரொறொன்ரோவிலிருந்து வந்தது. அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்திருக்கிறது. கிழிந்த இடத்தை ஊகித்துச் சமைக்க வேண்டும். மகனுக்குத் தமிழ் தேய்கிறது. அங்கே பண்பாட்டுக்குப் புள்ளியும் இல்லை, எல்லையும் இல்லை. மறந்துபோனதை இன்னொருத்தரோடு சேர்ந்து திரும்பச் செய்து பார்ப்பது, அவ்வளவுதான். எங்கட வீடுகளில் உண்மையில் நடப்பதும் அதுதான்.

செய்யக்கூடியது

கேமை அழியுங்கோ என்று சொல்ல வரவில்லை. நான் தொடர்ந்து விளையாடத்தான் போகிறேன். மூன்று சின்ன வேலைகளை முன்மொழிகிறேன்.

முதலாவது, அடுத்த கூடலுக்கு இரண்டு மடிக்கணினி கொண்டுவாங்கோ. ஒரு மணித்தியாலம் சேர்ந்து விளையாடுவோம். ஒவ்வொரு முறை 'பண்பாடு' என்ற சொல் வரும்போதும் நிறுத்தி மூன்று கேள்வி கேட்போம்: இதால் யாருக்கு நிலம் கிடைக்கிறது? இந்தப் புள்ளியை உழைத்துத் தந்தது யார்? இங்கே முதல் இருந்தவர் எங்கே போனார்? அரசியல் வகுப்பு என்றால் ஓடுகிற பெடியளும் பெட்டையளும் இதுக்கு இருப்பார்கள்.

இரண்டாவது, பரடொக்ஸ் விளையாட்டுகளின் பண்பாட்டுப் பட்டியலும் திரையில் வருகிற வசனங்களும் சாதாரண எழுத்துக் கோப்புகள். யாரும் திறந்து மாற்றலாம். நிரல் தெரிந்த தோழர்கள் இருக்கிறீர்கள். 'பண்பாட்டை மாற்று' என்ற பொத்தானின் பேரை மாற்றுவோம். பட்டை நிரம்பும் ஒவ்வொரு வருசமும் என்ன நடக்கிறது என்று திரையில் எழுதுவோம்: பள்ளிக்கூடம் மூடப்பட்டது, ஊரின் பேர் மாறியது, இத்தனை குடும்பம் போனது. மணலாற்றுக்காரரின் வாக்குமூலத்தைப் படித்தவர்களுக்கு வசனம் தேட வேண்டியிருக்காது.

மூன்றாவது கொஞ்சம் கஷ்டம். அடுத்த முறை 'நாங்கள் ஒருங்கிணைந்த சமூகம், குற்றம் செய்யாத சமூகம், படித்த சமூகம்' என்று எங்கட ஆட்கள் மேடையில் புள்ளிப் பட்டியல் வாசிக்கும்போது, கைதட்டாமல் எழும்பி ஒரு கேள்வி கேளுங்கோ. ஆறு புள்ளி இல்லாதவர், 17 கேள்வி எழுத முடியாதவர், 35 தாண்டியவர், போன கிழமை நாடுகடத்தல் கடிதம் வந்தவர், அவர்கள் எந்தப் பக்கம்? அந்தச் சனத்தை விட்டுவிட்டு வெல்கிற வெற்றி எங்களுக்கு வேண்டாம்.

தோழமையுடன்.